மூக்கில் குழாயோடு வரும் பிள்ளைக்கு வீட்டைத் தயார் செய்வது

நான் வேலை பார்க்கும் மொத்த ஜவுளிக் கடையில் பழைய முதலாளி வைத்த ஒரு விதி இன்றும் இருக்கிறது. பேரேடு எழுதத் தெரிந்தவர் குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும். ஒருத்தர் காய்ச்சலில் படுத்தால் கடையும் சேர்ந்து படுக்கக் கூடாது. இருபது வருஷமாக அங்கே கணக்கு எழுதுகிறேன். அந்த விதி வீட்டுக்கும் பொருந்தும் என்று புரிய எனக்கு ஒரு மோசமான ராத்திரி தேவைப்பட்டது.

2023 ஆடி மாதம் நாங்கள் தத்தெடுத்த பையன் ஈரோட்டு வீட்டுக்கு வந்தான். ஏழு மாதக் குழந்தை, எடை 4 கிலோ 300 கிராம். 28 வாரத்திலேயே பிறந்துவிட்டவன். நுரையீரல் தேறாததால் மூக்கில் ஆக்சிஜன் குழாய். உறிஞ்சிக் குடிக்கத் தெம்பில்லாததால் ஒரு மூக்குத் துவாரம் வழியாக வயிறு வரை போகும் ரைல்ஸ் டியூப். வந்த மூன்றாவது வாரம் என் மனைவிக்குக் காய்ச்சல். பிள்ளைக்குத் தொற்றிவிடக் கூடாதென்று மாடி அறைக்குப் போய்விட்டாள். நடு ராத்திரி இரண்டு மணிக்குப் பையன் கையை வீசியதில் டியூப் முழுசாக வெளியே வந்துவிட்டது. அதைத் திரும்பப் போட எனக்குத் தெரியாது. மருத்துவமனையில் இரண்டு பேருக்கும்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நான் பக்கத்தில் நின்று தலையாட்டிவிட்டு வந்தவன். அதிகாலைப் பாலைக் கொடுக்க வழியில்லாமல், சிலிண்டரைக் காரில் ஏற்றி, பாதி வழியில்தான் அதன் வால்வைத் திறக்கும் சாவி வீட்டு ஆணியில் தொங்குவது ஞாபகம் வந்து, திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனேன். போன பிறகு ஒரு செவிலியர் இரண்டு நிமிஷத்தில் டியூப்பைப் போட்டுவிட்டு, "அப்பாவுக்குத் தெரியாதுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

இனி எழுதுவதெல்லாம் அந்தக் கேள்விக்கு அப்புறம் நாங்கள் கற்றுக்கொண்டது. மருத்துவம் சம்பந்தப்பட்ட எதையும் இதைப் படித்துச் செய்யாதீர்கள். உங்கள் பிள்ளையின் மருத்துவரும் செவிலியரும் பக்கத்தில் நிற்க, உங்கள் கையால் செய்து பழகுங்கள். நான் எழுதுவது வீட்டு ஏற்பாடு.

சம்மதம் சொல்வதற்கு முன்

ஆதரவற்ற பிள்ளையைத் தத்தெடுக்க மத்திய அரசின் தத்தெடுப்பு ஆணையமான காராவின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். வேறு குறுக்கு வழி கிடையாது. மருத்துவமனை வாசலில் யாராவது குழந்தை தருகிறேன் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தம்பதியின் வயதைக் கூட்டினால் 85-ஐத் தாண்டக் கூடாது. எங்களுக்கு 41-ம் 37-ம் சேர்ந்து 78. வீட்டாய்வுக்கு வந்தவர் அலமாரியைத் திறந்து பார்ப்பார் என்று அம்மா எல்லாவற்றையும் மடித்து வைத்தார். அவர் கேட்டதெல்லாம் ராத்திரியில் யார் விழித்திருப்பீர்கள், கடன் எவ்வளவு, மூத்த பிள்ளை என்ன சொல்கிறாள் என்பதுதான். வீட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை இருந்தால் அதன் சம்மதமும் வேண்டும். ஒன்பது வயது மகள் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தாள்: "தம்பி வரலாம். என் பென்சில் பாக்ஸைத் தொடக் கூடாது."

சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்கு இணையதளத்தில் தனிப் பட்டியல் உண்டு. அங்கே ஒரு படத்தைப் பார்த்ததும் மனசு இளகிவிடும். அது வேறு கணக்கு, முதலில் காகிதத்தைப் படியுங்கள். குழந்தையின் மருத்துவப் பரிசோதனை அறிக்கையை உங்களுக்குத் தெரிந்த குழந்தை மருத்துவரிடம் காட்டி விளக்கம் கேட்டுவிட்டுத்தான் சம்மதம் சொல்ல வேண்டும் என்றில்லை. ஆனால் விதி அதற்கு இடம் தருகிறது, அந்த இடத்தைப் பயன்படுத்துங்கள். அறிக்கை ஒன்றிரண்டு பக்கம்தான் இருக்கும். குறைமாதப் பிள்ளையென்றால், அதைப் பராமரித்துத் தத்துக் கொடுக்கும் தத்து வள மையத்தில் இவற்றையும் கேளுங்கள்: தீவிர சிகிச்சைப் பிரிவின் டிஸ்சார்ஜ் சம்மரி, தலை ஸ்கேன், இதய எக்கோ, கண்ணின் விழித்திரைப் பரிசோதனை, காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா, தடுப்பூசி அட்டை. எங்களுக்கு விழித்திரை அறிக்கை மட்டும் ஒரு வாரம் கழித்துத்தான் கிடைத்தது. அந்த ஒரு வாரமும் மனைவி சரியாகச் சாப்பிடவில்லை.

கூடவே, எங்களால் எது முடியாது என்று ஒரு தாளில் எழுதினோம். இருவரும் தனித்தனியாக எழுதி அப்புறம் மாற்றிப் படித்தோம். எதையெல்லாம் எழுதினோம் என்பதை இங்கே சொல்லப் போவதில்லை, ஆனால் எழுதியதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கூட்டி வந்த பிறகு முடியாது என்பதைவிட, முன்னாலேயே முடியாது என்பது பிள்ளைக்குச் செய்யும் மரியாதை.

சம்மதம் சொன்னதும், தத்தெடுப்பு ஆணை வருவதற்கு முன்பே, ஒரு உறுதிமொழியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பிள்ளையை வளர்க்க ஒப்படைப்பார்கள். 2022 செப்டம்பரிலிருந்து ஆணையை நீதிமன்றம் அல்ல, மாவட்ட ஆட்சியர் தருகிறார். ஒப்படைப்புக்கும் ஆணைக்கும் நடுவில் இருக்கும் அந்த நாட்களில் நீங்கள் அப்பா அம்மாதான், ஆனால் காகிதத்தில் இன்னும் இல்லை. மருத்துவமனைப் பதிவில் அவன் பெயர் வேறு, நாங்கள் கூப்பிடும் பெயர் வேறு. ஓ.பி. சீட்டுக் கவுண்டரில் "அப்பா பேரு?" என்று கேட்டால் ஒரு நொடி தடுமாறுவோம். உறுதிமொழிப் பத்திரம், தத்து வள மையத்தின் கடிதம், எங்கள் ஆதார் எல்லாவற்றிலும் ஐந்து ஜெராக்ஸ் எடுத்து காரில் ஒரு கவர், வீட்டில் ஒரு கவர், மனைவியின் கைப்பையில் ஒரு கவர் வைத்தோம். அறுவை சிகிச்சை மாதிரி ஏதாவது திட்டமிடப்பட்டிருந்தால் கையெழுத்து யார் போடுவது என்பதை மையத்திலும் மருத்துவமனையிலும் முதல் நாளே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரி பதினோரு மணிக்குக் கேட்கும் கேள்வி அல்ல அது.

ஆடியில் பிள்ளையைக் கூட்டி வரக் கூடாது என்று இரண்டு பக்கச் சொந்தமும் சொன்னார்கள். அம்மாதான் முடித்து வைத்தார்: "அவன் ஆடியா ஆவணியான்னு பாத்தா பொறந்தான்?"

கரண்ட்

ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் என்பது அறையில் இருக்கும் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின். சின்ன பீரோ உயரம், இருபத்திநாலு மணி நேரமும் உறுமும். வாங்காமல் மாத வாடகைக்கு எடுத்தோம். பிள்ளைக்கு எத்தனை மாதம் தேவைப்படும் என்று யாராலும் சொல்ல முடியாது, மெஷின் மக்கர் செய்தால் மாற்றித் தருவதும் அவர்கள் பொறுப்பு.

முதல் தவறு அங்கேதான் நடந்தது. கொண்டுவந்து வைத்தவர், ஆக்சிஜன் போகும் அளவைக் காட்டும் ப்ளோ மீட்டரைப் பெரியவர்களுக்கானதாக வைத்துவிட்டுப் போய்விட்டார். பையனுக்கு மருத்துவர் எழுதியது நிமிஷத்துக்குக் கால் லிட்டர். அந்த மீட்டரில் கோடே அரை லிட்டரில்தான் தொடங்கியது. குழந்தைக்கென்று குறைந்த அளவு காட்டும் மீட்டர் தனியாக உண்டு, கேட்டு வாங்குங்கள். ஆக்சிஜனைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் சொல்லாமல் நடக்கக் கூடாது. அதிகமாகப் போனாலும் கெடுதல்தான்.

மெஷின் மேல் 350 வாட் என்று எழுதியிருந்தது. ஒரு நாளைக்கு 8.4 யூனிட். இரண்டு மாதத்துக்கு 504. அதாவது வீட்டில் ஒரு லைட்டுகூடப் போடாமல் மெஷின் மட்டும் ஓடினாலே 500 யூனிட் கோட்டைத் தாண்டி மேல் கட்டணத்துக்குப் போய்விடும். முதல் பில்லைப் பார்த்து நான் ரீடிங் எடுத்தவரிடம் சண்டைக்குப் போகாமல் இருந்ததற்கு இந்தக் கணக்கை முன்னாலேயே போட்டு வைத்ததுதான் காரணம். மாதச் செலவில் இதற்கும் ஒரு வரி எழுதிவையுங்கள்.

கரண்ட் போனால் என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. 150 ஆம்பியர்-அவர் பேட்டரியோடு ஒரு இன்வெர்ட்டர் போட்டு, அந்த லைனில் மெஷினையும் ஒரு லைட்டையும் தவிர எதையும் சேர்க்க வேண்டாமென்று எலக்ட்ரீசியனிடம் சொன்னேன். ஃபேனைச் சேர்க்கச் சொல்லி அம்மா கேட்டார், மறுத்துவிட்டேன். மூன்று மணி நேரம் தாங்கியது. ஆனால் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணியிலிருந்து மாலை 4 மணி வரை நிறுத்தும் நாளுக்கு அது போதாது. அதற்குத்தான் சிலிண்டர். பி டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். நிமிஷத்துக்குக் கால் லிட்டர் என்றால் கணக்குப்படி 100 மணி நேரம். நான் 80 என்றே வைத்துக்கொண்டேன், கணக்கு எழுதுகிறவன் புத்தி. எங்கள் பகுதியில் மின்தடை அறிவிப்பு முந்தின நாள் நாளிதழில் வரும். அதைப் பார்ப்பது மகள் பொறுப்பு. அறிவிப்பில்லாமல் கரண்ட் போனால் மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987. வீட்டில் ஆக்சிஜனில் குழந்தை இருக்கிறது என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்து வைத்தேன். அதனால் கரண்ட் போகாமல் இருந்துவிடவில்லை. ஆனால் லைன்மேன் அண்ணன் ஒருத்தர் எப்போது வரும் என்பதை மறைக்காமல் சொல்லுவார், அதுவே பெரிது.

சிலிண்டரைச் சும்மா நிறுத்தாதீர்கள், ஜன்னல் கம்பியோடு சங்கிலி போட்டுக் கட்டுங்கள். சாவி அதன் கழுத்திலேயே ஒரு கயிற்றில் தொங்கட்டும். ஆணியில் வேண்டாம்.

மெஷினைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். பின்பக்க ஃபில்டரை வாரம் ஒரு முறை கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். ஆக்சிஜனை ஈரமாக்கும் தண்ணீர் பாட்டிலில் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் சாச்சுரேஷன் மீட்டர் சத்தம் போட்டால் (எங்களுக்கு மருத்துவர் சொன்ன எல்லை 92) முதலில் பிள்ளையைப் பாருங்கள், அப்புறம் மெஷினை. உதடு நீலமா, விலா உள்ளே இழுக்கிறதா, கூப்பிட்டால் பார்க்கிறானா. இதில் ஒன்று சரியில்லை என்றாலும் மருத்துவர் சொல்லி வைத்ததைச் செய்துகொண்டே 108. எல்லாம் சரி, எண் மட்டும் குறைவு என்றால் பாதத்தில் சுற்றிய சென்சார் நழுவியிருக்கும், குழாய் கட்டில் காலில் மடங்கியிருக்கும், அல்லது தண்ணீர் பாட்டில் மூடி சரியாகத் திருகாமல் காற்று வெளியே போயிருக்கும். எங்கள் வீட்டில் பத்துக்கு ஏழு முறை மூடிதான். ஒரு டம்ளர் தண்ணீரில் குழாயின் முனையை முக்கினால் குமிழி வரும். குமிழி இல்லையென்றால் ஆக்சிஜன் வரவில்லை, அவ்வளவுதான். துடைத்துவிட்டு மாட்டுங்கள். விரலில் கவ்வும் பெரியவர்கள் மீட்டரைக் குழந்தைக்கு நம்ப வேண்டாம்.

சாம்பிராணி

இதற்குத் தனித் தலைப்பு கொடுக்கக் காரணம், எங்கள் வீட்டில் நடந்த ஒரே பெரிய சண்டை இதுதான்.

அம்மா நாலு பிள்ளை பெற்று வளர்த்தவர். குளிப்பாட்டி, தலை துவட்டி, சாம்பிராணிப் புகை காட்டி, மூக்கில் எண்ணெய் விட்டு ஊதி, உச்சியில் எண்ணெய் வைத்துத்தான் அவர் கையில் பிள்ளைகள் வளர்ந்தன. ஆக்சிஜனில் இருக்கும் பிள்ளைக்கு இதில் புகையும் எண்ணெயும் கூடவே கூடாது. புகை ஏற்கெனவே நைந்த நுரையீரலுக்கு விஷம். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா மாதிரி பிடித்துக்கொள்ளும். ஆக்சிஜன் தானாக எரியாது, ஆனால் பக்கத்தில் இருக்கும் எதையும் வேகமாக எரிய வைக்கும். அதனால் குழாய் இருக்கும் முகத்தில் எண்ணெய், வாஸ்லின் எதுவும் தடவக் கூடாது. விளக்கு, ஊதுபத்தி, கொசுவர்த்தி, அடுப்பு எதுவும் அருகில் கூடாது. எங்கள் சாமி மாடம் ஹாலிலேயே இருந்தது. மெஷினும் ஹாலில்.

நான் சொன்னபோது அம்மா கேட்கவில்லை. "உன்னை எப்படி வளத்தேன்?" என்ற ஒரே பதில். மனைவி சொல்லியிருந்தால் மாமியார் மருமகள் சண்டை ஆகியிருக்கும், அதனால் அவளைச் சொல்லவிடவில்லை. அடுத்த செக்கப்புக்கு அம்மாவையும் கூட்டிப் போனேன். மருத்துவர் அம்மாவை உட்காரவைத்து, பையனின் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் காட்டி, "இந்த வெள்ளைத் திட்டெல்லாம் தழும்புங்கம்மா. தழும்பு மேல புகை போடுவீங்களா?" என்றார். அம்மா வழியெல்லாம் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் சாமி படங்களை எடுத்துப் பின்கட்டுக்குக் கொண்டுபோனார். அந்த வருஷம் கார்த்திகை தீபம் வாசலில் மட்டும்தான்.

பெரியவர்களிடமிருந்து ஒன்றைப் பிடுங்கினால் வேறொன்றைக் கொடுக்க வேண்டும். அம்மாவுக்கு வாசல் கொடுத்தோம். உள்ளே வருகிறவர் யாராக இருந்தாலும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், சளி இருமல் இருந்தால் திண்ணையோடு திரும்ப வேண்டும். என் தாய்மாமா தும்மியபடி வந்தபோது அவரையே திண்ணையில் உட்காரவைத்துக் காபி கொடுத்து அனுப்பினார். மாமாவிடம் அப்படிச் சொல்ல எனக்கு இந்த ஜென்மத்தில் தைரியம் வராது. மழைக்காலத்தில் கல்யாணம், காதுகுத்து, திருவிழா எதற்கும் பையன் போகவில்லை. எங்களில் ஒருவர் மட்டும் போய் மொய் வைத்துவிட்டு வந்தோம். வீட்டில் எல்லோரும் ஃப்ளூ காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டோம்.

டியூப், பால், நோட்டு

80 மில்லி, மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, நாளுக்கு எட்டு முறை. பால் போவதற்கு முன் டியூப் வயிற்றில்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கன்னத்தருகே டியூப்பில் போட்ட மார்க் நகர்ந்திருக்கிறதா பார்த்து, சிரிஞ்சால் லேசாக இழுத்து, வரும் சொட்டை பி.எச். தாளில் வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். 5.5 அல்லது அதற்குக் கீழே என்றால் வயிறு. சந்தேகம் இருந்தால் பால் கிடையாது. பசியில் அழுதாலும் கிடையாது; நுரையீரலில் பால் போவதற்கு அழுகை எவ்வளவோ மேல்.

பாலைச் சிரிஞ்சால் அழுத்தித் தள்ளாதீர்கள். பிஸ்டனைக் கழற்றிவிட்டு, சிரிஞ்சை அவன் நெற்றிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பிடித்துத் தானாக இறங்க விடுங்கள். கையை உயர்த்தினால் வேகம், தாழ்த்தினால் நிதானம். இருபது நிமிஷம் ஆகும். அந்த இருபது நிமிஷமும் பையன் மடியில் சாய்ந்திருப்பான், வாயில் சூப்பான் இருக்கும். வாய் அசைந்தால்தான் வயிறு நிறைகிறது என்று மூளைக்குத் தெரியவேண்டுமாம். போனைப் பார்க்காதீர்கள். ஒருமுறை பார்த்தேன், பால் என் வேட்டியில்.

மோசமான ராத்திரிக்கு அப்புறம் ஒரு பட்டியல் போட்டேன்: டியூப் போடுவது, பால் கொடுப்பது, மெஷினிலிருந்து சிலிண்டருக்கு மாற்றுவது, சளி உறிஞ்சுவது, மருந்து அளப்பது. ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு பெயராவது இருக்க வேண்டும். என் பெயர் முதல் இரண்டு வாரம் தினமும் செவிலியர் முன்னால் டியூப் போட்டுப் பழகிய பிறகுதான் ஏறியது. அம்மா பால் கொடுக்கக் கற்றுக்கொண்டார். பக்கத்து வீட்டு அக்கா சிலிண்டர் மாற்றக் கற்றுக்கொண்டார். நாங்கள் இருவருமே வெளியே மாட்டிக்கொண்டால் ஓடிவர ஒருத்தர் வேண்டுமே. ராத்திரியை இரண்டாகப் பிரித்தோம், ஒன்பதிலிருந்து இரண்டு வரை நான், இரண்டிலிருந்து ஆறு வரை மனைவி. உங்கள் முறை இல்லாதபோது மெஷின் சத்தம் கேட்காத அறையில் படுங்கள். "நான் சும்மா பக்கத்துலயே படுத்துக்கறேன்" என்று இரண்டு பேரும் விழித்திருந்தால் ஒரு வாரத்தில் இரண்டு பேருமே உபயோகப்பட மாட்டீர்கள்.

இதில் ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிச் செய்ய வேண்டும். மெஷின் வேலைக்குக் கை கூடக் கூட நல்லது, கொஞ்சுவதற்குக் கூடாது. ஷிப்டுக்கு ஷிப்டு கை மாறியே வளர்ந்தவன் அவன். யார் தூக்கினாலும் போவான், யார் இறக்கிவிட்டாலும் அழமாட்டான். வந்தவர்கள் "எவ்வளவு சமத்து!" என்றார்கள். எங்களுக்கு அது வயிற்றைப் பிசைந்தது. முதல் மூன்று மாதம் தூக்குவது, தூங்கவைப்பது, அழுகையை அமர்த்துவது எல்லாம் நானும் மனைவியும் மட்டும்தான். அம்மாவுக்கு அது கஷ்டம்தான், பொறுத்துக்கொண்டார்.

இன்னொன்று. முகத்தருகே கை போனாலே தலையைத் திருப்பிக் கண்ணை இறுக்கிக்கொள்வான். கை என்றால் டேப் உரிப்பது, டியூப் தள்ளுவது, ஊசி. அதனால் வலிக்கும் வேலை எல்லாவற்றுக்கும் ஓர் இடம் ஒதுக்கினோம். ஜன்னலோர மேஜை, அதில் நீல டவல். டேப் மாற்றுவது, டியூப் போடுவது அங்கே மட்டும். தொட்டிலிலோ மடியிலோ எங்கள் படுக்கையிலோ ஒருபோதும் இல்லை. ஆரம்பிப்பதற்கு முன் அதே இரண்டு வார்த்தை: "டேப் மாத்தலாம் சாமி." முடிந்ததும் "முடிஞ்சுது." நாலு மாதம் கழித்து ஒரு நாள் ராத்திரி, தூக்கக் கலக்கத்தில் அவன் கன்னத்தைத் தடவிவிட்டேன். தலை திரும்பவில்லை. கையிலேயே கன்னத்தை வைத்துத் தூங்கிவிட்டான்.

பாலுக்கும் மருந்துக்கும் ஒரு நோட்டு வையுங்கள். போனில் ஆப் உண்டு என்றார்கள், ஆனால் அம்மா ஆப்பில் எழுதமாட்டார். நேரம், பால், கக்கினானா, சாச்சுரேஷன், மருந்து, கையெழுத்து என ஆறு கட்டம். அம்மா நேரம் எழுதும் இடத்தில் "விளக்கு வைக்கிற நேரம்" என்று எழுதுவார். திருத்திப் பார்த்தேன், பயனில்லை. மருத்துவர் நோட்டைப் புரட்டிவிட்டு, "விளக்கு வைக்கிற நேரத்துப் பாலைத்தான் தினம் கக்கறான்" என்று கண்டுபிடித்தார். அந்த நேரத்தில்தான் ஒரு மருந்தும் சேர்ந்து போய்க்கொண்டிருந்தது. மருந்தை ஒரு மணி நேரம் தள்ளினோம், நின்றுவிட்டது.

வாய் வழியாகச் சாப்பிடக் கற்பிப்பது பெரிய கதை. பேச்சுப் பயிற்சியாளர்தான் சொல்லித்தந்தார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் ஆரம்ப நிலையிலேயே குறைபாடுகளைக் கவனிக்கும் டி.இ.ஐ.சி. மையம் இருக்கிறதா விசாரியுங்கள், கட்டணம் இல்லை. பல மாதம் எதைக் காட்டினாலும் உதட்டைப் பூட்டிக்கொண்டவன் முதன்முதலில் வாயைத் திறந்தது, அம்மா தன் தட்டிலிருந்து விரலில் தொட்டுக் காட்டிய பருப்புத் தண்ணீருக்கு.

மூத்தவள்

பெரிய பிள்ளையைக் குட்டி நர்ஸ் ஆக்காதீர்கள். சாச்சுரேஷன் எண்ணைப் படிக்க மகளுக்குத் தெரியும், ஆனால் அதைப் பார்த்துக்கொண்டிருப்பது அவள் வேலை இல்லை. ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் பாதியில் அழுதுவிட்டாள் என்று போன் வந்தது. காலையில் தம்பிக்கு 91 என்று பார்த்துவிட்டு, எங்களிடம் சொல்லாமல் போயிருக்கிறாள். சொல்லாததால் ஏதாவது ஆகியிருக்குமோ என்ற பயம். அன்றிலிருந்து மீட்டரின் முகம் எங்கள் பக்கம் திரும்பியது. மின்தடை அறிவிப்பு பார்ப்பதோடு அவள் பொறுப்பு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் நானும் அவளும் மட்டும் வெளியே போவோம், காவிரிப் பாலம், டிபன், சில நாள் சும்மா. அந்த நேரத்தில் தம்பி பேச்சு எடுக்கக் கூடாது என்பது அவள் போட்ட விதி.

பையனின் படத்தை யாரும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கக் கூடாது என்று சொந்தக்காரர்களிடம் கறாராகச் சொல்லிவிட்டோம். பராமரிப்பில் உள்ள குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டமே தடுக்கிறது. அவன் எங்கிருந்து வந்தான், யார் விட்டுப்போனார்கள் என்று கேட்டவர்களுக்கு, "அது அவன் கதைங்க, பெரியவனானதும் அவனையே கேளுங்க" என்பது மனைவியின் பதில். "ஒண்ணரை வயசாச்சு, இன்னும் நடக்கலையா?" என்ற கேள்விக்கு மட்டும் கணக்குச் சொல்லுவேன். மூன்று மாதம் முன்னாடியே பிறந்துவிட்டவன், அதைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். தடுப்பூசிக்கு மட்டும் கழிக்கக் கூடாது, பிறந்த தேதிப்படிதான்.

ஆட்சியர் ஆணை வந்தபின் பிறப்புச் சான்றிதழ் எங்கள் பெயரோடு கிடைத்தது. உடனே மருத்துவமனைப் பதிவில் பெயரை மாற்றினோம். பழைய எண்ணையும் புதியதையும் இணைக்கச் சொல்லிக் கேளுங்கள், இல்லையென்றால் பழைய எக்ஸ்ரே எல்லாம் வேறொரு பிள்ளையுடையது ஆகிவிடும். தத்தெடுத்த பிள்ளை எப்படி இருக்கிறான் என்று இரண்டு வருஷத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பார்கள். வருகிறவரிடம் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நடிக்காதீர்கள். இரண்டாம் முறை வந்தவரிடம் மனைவி, மூன்று மாதமாகத் தூக்கமில்லை என்று உடைந்து அழுதாள். அவர் குறித்துக்கொண்டது உதவி தேவை என்றுதான்.

பதிமூன்றாம் மாதம் டியூப் போயிற்று. ஆக்சிஜனை மருத்துவர் படிப்படியாகக் குறைத்தார், முதலில் விழித்திருக்கும்போது ஒரு மணி நேரம், அப்புறம் பகல் முழுக்க, கடைசியில் தூக்கத்தில். பதினைந்தாம் மாதம் முழுசாக நிறுத்தினோம். நிறுத்திய அன்றே மெஷினைத் திருப்பி அனுப்பாதீர்கள், ஒரு சளி பிடித்தால் மறுபடி தேவைப்படலாம். நாங்கள் இரண்டு மாத வாடகை சும்மா கட்டினோம். அதில் ஒரு முறை மூன்று நாள் உதவியது. சாச்சுரேஷன் மீட்டரை இன்றும் வைத்திருக்கிறோம்.

மெஷினைக் கொண்டுபோன அன்று ராத்திரி வீட்டில் யாருக்கும் தூக்கம் வரவில்லை. பதினோரு மணி இருக்கும், மகள் எழுந்து வந்து இருட்டில் நின்றாள்.

"அப்பா, கரண்ட் போயிடுச்சா?"

மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.